கொழிஞ்சாம்பாறையில் மிட்டாய்க் கடைக்கு உரிமம் வாங்கிய அனுபவம்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாநில எல்லை என்பது அன்றாட வாழ்வில் கண்ணில் படுவதே இல்லை. துணி எடுக்கவும் மருத்துவமனைக்குப் போகவும் பொள்ளாச்சி, பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தப் பக்கம், ரேஷன் அட்டையும் வாக்கும் இந்தப் பக்கம் என்று தலைமுறைகளாகப் பழகிவிட்டோம். நான் பிறந்தது ஆனைமலைப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது கொழிஞ்சாம்பாறைக்கு அருகில். அம்மா வீட்டில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய் பர்பி செய்து சந்தைகளில் விற்றுத்தான் எங்களை வளர்த்தார்கள் என்பதால் தொழில் எனக்குக் கைப்பழக்கம். அதையே முறையான உரிமத்தோடு, பின்கட்டில் சமையற்கூடமும் முன்பக்கம் விற்பனையுமாக, அன்றன்று செய்து அன்றன்று கொடுக்கும் கடையாக நடத்த வேண்டும் என்று 2022 தொடக்கத்தில் இறங்கினேன். சித்திரையில் திறந்துவிடலாம் என்று எண்ணியிருந்த கடையை, அந்த ஆண்டுத் தீபாவளியும் கடந்த பிறகே திறக்க முடிந்தது. ஒரு ரூபாய் வியாபாரம் பார்ப்பதற்கு முன்னரே 1,30,000 ரூபாயை நெருங்கும் தொகை கைவிட்டுப் போயிருந்தது. பொள்ளாச்சியில் கடை வைத்திருக்கும் உறவினர்கள் சொன்ன வழி தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு உரியது. பாலக்காட்டில் பலகாரக் கடை நடத்தும் மலையாளிகள் சொன்ன வழியில், செய்வது இங்கே, விற்பது அங்கே என்னும் எங்கள் நிலைமைக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு இந்த அனுபவம் பயன்பட வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் உணவு உரிமத்தைச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதன் 31ஆம் பிரிவின்படி உரிமமோ பதிவோ இல்லாமல் உணவுத் தொழில் நடத்தக் கூடாது. நான் விண்ணப்பித்த காலத்தில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தொழிலுக்குப் பதிவு மட்டும் போதும். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். பதிவுக்கு அப்போது அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை வைத்து ‘ஃபாஸ்காஸ்’ என்னும் இணையதளத்தில் நாமே விண்ணப்பித்துவிடலாம். இது எனக்குத் தெரியாததால், கணினி மையம் ஒன்றின் மூலம் அறிமுகமான இடைத்தரகர் ஒருவருக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன். அவர் சில நாட்களில் 14 இலக்க எண்ணோடு சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தபோது, வேலை முடிந்துவிட்டது என்றே மகிழ்ந்தேன். அந்தச் சான்றிதழில் தொழிலின் வகை என்னும் இடத்தில் சில்லறை விற்பனை என்று மட்டும் இருந்தது. தயாரிப்பு என்பதே இல்லை. இடத்தைப் பார்க்க வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் சான்றிதழைப் படித்துவிட்டு, இந்த எண்ணை வைத்து நீங்கள் பிறர் செய்த மிட்டாயை விற்கலாம், உங்கள் அடுப்பில் ஒரு பாகுகூடக் காய்ச்சி விற்க முடியாது என்றார். அவர் கடிந்து பேசவில்லை, பொறுமையாகவே விளக்கினார். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இடைத்தரகரின் தொலைபேசி அதன்பின் அணைந்தே இருந்தது. தயாரிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே சான்றிதழ் கையில் வந்தவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள். தொழிலின் வகை, முகவரி, உணவு வகைகள் ஆகிய மூன்றும் நீங்கள் உண்மையில் செய்வதோடு ஒத்துப்போக வேண்டும். பால்கோவா செய்யப்போகிறவர் பால் சார்ந்த இனிப்புகளையும் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். கடலை மிட்டாய் மட்டும் என்று போட்டுவிட்டுப் பின்னால் பால்கோவா விற்றால் சிக்கல். எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. கேரளத்துக்கு 13, தமிழ்நாட்டுக்கு 24. எங்கள் பகுதியில் பொள்ளாச்சியில் உள்ள உறவினரின் எண்ணை வாங்கித் தம் உறையில் அச்சிட்டு, இந்தப் பக்கம் மிட்டாய் செய்பவர்கள் இருக்கிறார்கள். விவரம் அறிந்த எவரும் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள். பதிவு என்பது அடுப்பு இருக்கும் இடத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். நான் விண்ணப்பித்தபோது இருந்த விதிப்படி, பதிவு விண்ணப்பத்துக்கு 7 நாட்களுக்குள் ஒப்புதலோ மறுப்போ ஆய்வுக்கான அறிவிப்போ தர வேண்டும். ஆய்வு என்றால் 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இது தெரிந்திருந்தால், எப்போது வருவார்களோ என்று வாசலைப் பார்த்தபடி அத்தனை வாரங்கள் காத்திருக்காமல், விண்ணப்ப எண்ணோடு பாலக்காட்டு அலுவலகத்துக்கே போய்க் கேட்டிருப்பேன். கட்டணங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாறுபவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

என் காலத்தையும் பணத்தையும் மிகுதியாகத் தின்றது கட்டடம். பொள்ளாச்சி சாலையில், பேருந்து நிறுத்தத்துக்கு அருகில், முன்னறையும் விசாலமான பின்கட்டும் கிணறும் உள்ள பழைய ஓட்டு வீடு மாதம் 7,500 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. முன்பணமும் கொடுத்து, தரைக்கு ஓடு பதித்து, சுவரில் ஐந்தடி உயரத்துக்கு வெள்ளை ஓடு ஒட்டி, ஜன்னலுக்கு ஈ வலை அடித்துத் தயாரான பிறகே பஞ்சாயத்தில் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். அங்கே சொன்னது இதுதான்: இந்தக் கட்டட எண் குடியிருப்பு வகையில் இருக்கிறது, 2019ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி உபயோக வகையை மாற்றினால்தான் தொழில் உரிமம் தர முடியும். வகை மாற்றத்துக்கு உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். அவரோ திருப்பூரில் இருந்தார். வகை மாறினால் கட்டட வரி கூடும் என்று தயங்கினார். மாதங்கள் ஓடின. பூட்டிய கடைக்கு வாடகை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஓணம் வந்து போயிற்று. பக்கத்துக் கடைகளில் சர்க்கரை வரட்டியும் நேந்திரங்காய் வறுவலும் மலையாகக் குவிந்து தீர்ந்ததை, பூட்டிய கதவின் முன் நின்று பார்த்தேன். தீபாவளிக்கும் கதவு திறக்கவில்லை. கடை திறப்பு எப்போது என்று கேட்கும் உறவினர்களின் திருமண வீடுகளுக்குப் போவதையே அந்த நாட்களில் தவிர்த்தேன்.

வழி வேறிடத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டில் கேரளம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களை எளிதாகத் தொடங்கச் செய்வதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. மாசு வகைப்பாட்டில் சிவப்புப் பட்டியலில் சேராத சிறுதொழில், ‘கே-ஸ்விஃப்ட்’ என்னும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுய உறுதிமொழி கொடுத்தால் ஓர் ஒப்புகைச் சான்று கிடைக்கும். அந்தச் சான்றை வைத்து, உள்ளாட்சி உரிமம் உள்ளிட்ட மாநிலச் சட்டங்களின் கீழ் வரும் முன் அனுமதிகளுக்குக் காத்திராமல் மூன்று ஆண்டுகள் வரை தொழில் நடத்தலாம். மூன்று ஆண்டு முடிந்தபின் ஆறு மாதத்துக்குள் எல்லா அனுமதிகளையும் பெற்றுவிட வேண்டும். உணவுப் பதிவு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் அதற்கு இந்த விலக்குப் பொருந்தாது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கிய நிலமாக இருந்தாலும் இது உதவாது. அந்த 2022–23 நிதியாண்டைக் கேரள அரசு தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்து, உள்ளாட்சி அமைப்புகளில் தொழில்துறையின் பயிற்சி ஊழியர்களை அமர்த்தியிருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தின் ஓர் ஓரத்தில் அப்படி அமர்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி, என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சேச்சி, இதுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?” என்று கேட்டபடியே தன் கணினியில் எனக்கு விண்ணப்பித்துக் கொடுத்தாள். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. வாடகைக்கு இடம் பார்க்கும் முன்பே, உங்கள் வட்டத் தொழில் அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்று யாரைக் கண்டாலும் நான் இன்றும் சொல்வது இதனால்தான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கட்டட எண் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதற்கான பஞ்சாயத்துச் சான்றை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள்; வகை மாற்றத்துக்கு அவர் ஒத்துழைக்க வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் உரிமையாளர் பிற்பாடு மனம் வைத்து, மூன்று ஆண்டு முடிவதற்குள் மாற்றிக் கொடுத்தார். எல்லாரும் கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வரும்; ஆனால் அலுவலக மலையாளம் வேறு. கட்டட வகை குறித்து வந்த முதல் கடிதத்தைப் பிறரிடம் படிக்கக் கொடுத்துப் பொருள் அறிந்துகொள்வதிலேயே பதில் சொல்ல வேண்டிய கெடுவில் பாதி போய்விட்டது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினராகிய தமிழரும் கன்னடரும் தாங்கள் மிகுதியாக வாழும் பகுதிகளில் உள்ள அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. சித்தூர் வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளில் இதைக் கோருவது நம் உரிமை. நான் இரண்டாவது விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி, பதிலும் தமிழில் வேண்டும் என்று குறிப்பிட்டேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பதிலும் தமிழில் வந்தது. இணையதளப் படிவங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்றாலும், கெடு குறித்து வரும் கடிதங்கள் புரியும் மொழியில் வருவது பெரிய நிம்மதி.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீருக்காகப் பிளாச்சிமடையில் நடந்த போராட்டம் இதே சித்தூர் வட்டத்தில்தான் நடந்தது. இருந்தும் எங்கள் கிணற்று நீரின் முதல் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து நான் அதிர்ந்தேன். உப்பும் கடினத்தன்மையும் எல்லைக்குள் இருந்தன. கோலிஃபார்ம் கிருமி இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் (ஐ.எஸ். 10500) 100 மில்லி லிட்டர் நீரில் அது அறவே இருக்கக் கூடாது. கிணற்றைத் தூர்வாரி, சுற்றுச்சுவரை உயர்த்தி, பிளீச்சிங் பவுடர் இட்டு, சில நாள் விட்டு மறுபடி பரிசோதித்தபோது சரியாக வந்தது. தூர்வாரல், இரு பரிசோதனை எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் ஆயிற்று. பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தையே நாடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் நீர் எடுக்க வேண்டும். வீட்டில் கழுவிய தண்ணீர்ப் புட்டியில் கொண்டுபோனால் புட்டியின் அழுக்குக்கும் சேர்த்து அறிக்கை வரும். பாகு கொதிக்கிறதே, கிருமி செத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தட்டு கழுவுவதும் கை கழுவுவதும் அதே தண்ணீரில்தான்.

மின்சாரமும் எரிவாயுவும் சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியவை. வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின் கீழ் உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். அதனால் கம்பிகளை மாற்றி, இணைப்பின் வகையையும் மாற்றிக்கொண்டேன். அதற்கு 10,000 ரூபாய் ஆனது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடை அடுப்பில் வைப்பது குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வைக்க வேண்டும். அதன் விலை மாதந்தோறும் ஏறி இறங்குவதால் மிட்டாயின் அடக்க விலையில் எரிபொருளுக்குச் சற்றுத் தாராளமாகவே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உறைகளில் போன 38,000 ரூபாய்தான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. கடை திறக்கும்போது எல்லாம் கையில் தயாராக இருக்க வேண்டும் என்று, கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் நான்கு வண்ணத்தில் உறைச் சுருள் அச்சிட்டேன். இவ்வகை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி உருளை செய்ய வேண்டும். குறைந்த அளவு என்று அவர்கள் வைத்திருப்பதே பல்லாயிரம் உறைகளுக்கு வரும். கடலை மிட்டாய்க்குத் தமிழும் மலையாளமும் போதும், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார் அச்சகத்தார். விதிப்படி, உறைமேல் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழையும் மலையாளத்தையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதோடு அந்த உறையில் இருந்தது விற்பனைக்கு மட்டும் தரப்பட்ட பழைய பதிவு எண். சுருள் முழுவதும் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. முதல் ஓராண்டுக்கு வெற்று உறை வாங்கி, ஒட்டும் சீட்டு அச்சிட்டு ஒட்டுங்கள். நூறு சீட்டு வீணானால் நூறு ரூபாயோடு போகும். சீட்டில் இருக்க வேண்டியவை: பண்டத்தின் பெயர், எடை வாரியாக இறங்கு வரிசையில் சேர்மானங்கள், சைவத்துக்கான பச்சைக் குறி, பதிவு எண், தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, தொகுதி எண், தயாரித்த நாள், எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது, நிலக்கடலை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள் பற்றிய எச்சரிக்கை, புகாருக்கான தொலைபேசி எண். பொட்டலமிட்டு விற்பவர் எடையளவுத் துறையிலும் பதிந்துகொள்ள வேண்டும். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எங்கள் கடையில் ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சிறு பலகை இருக்கிறது. அதைக் காலையில் அழித்து எழுதுவது என் மாமியாரின் பொறுப்பு.

மொத்த வியாபாரி ஒருவர், உறையில் கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று போட்டால் மாதம் 200 கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பெயருக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் காய்ச்சிய பாகுக்கு அந்தப் பெயர்களைப் போடுவது சட்டப்படி குற்றம். அங்கே உட்கார்ந்து பிடிக்கும் கைகளுக்கும் அது அநியாயம். கை நீட்டி வந்த வியாபாரத்தை விடுவது கடன் கட்டும் நேரத்தில் எவ்வளவு கடினம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. விட்டேன்.

இனி எல்லை. சந்தையில் கூடை வைத்து விற்கும் வரை எந்தக் கேள்வியும் இல்லை. பொள்ளாச்சிக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கியவுடன் பில் கேட்டார்கள். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கை விற்பவருக்கு இந்த வரம்பு பொருந்தாது, மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, விற்பது ஒரு பெட்டி மிட்டாய் ஆனாலும் பதிவு கட்டாயம். சிறு வணிகருக்கான தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்து குறைந்த வரி கட்டலாமே என்றால், அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கவே முடியாது. கடைக்கே வந்து வாங்கிச் சாப்பிடுகிற, வீட்டுக்கு எடுத்துப்போகிற வாடிக்கையாளர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தாலும் அது கேரளத்துக்குள் நடந்த விற்பனைதான். வண்டி ஏற்றிக் கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிக் கடையில் இறக்கும்போதுதான் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை ஆகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டதால், தடுப்பதற்கு ஆளில்லை, கேட்பதற்கும் ஆளில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வழியில் பறக்கும் படை நிறுத்தினால் பில் இல்லாத சரக்கோடு வண்டியும் நின்றுவிடும். பொள்ளாச்சிக் கடைக்காரரின் கணக்குத் தணிக்கையில் உங்கள் பெயர் வந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான் அட்டை, ஆதார், புகைப்படம், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது ஆகியவை வேண்டும். இனிப்புப் பண்டங்களுக்கு வரி 5 சதவீதம். கணக்கருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறேன். விற்பனை இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால் அந்தச் செலவு நிற்காது. பில்லில் உணவுப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

கடன் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கென்று மத்திய அரசு 2020இல் தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நம் பங்கு குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். அந்த மானியம் கையில் வருவதில்லை. வங்கியில் தனிக் கணக்கில் மூன்று ஆண்டுகள் கிடக்கும். தவணை தவறாமல் தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். மானியம் வந்தவுடன் வெல்லம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். மூலப்பொருளுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டே இறங்குங்கள். சிறுதொழில் பதிவான ‘உத்யம்’ அரசுத் தளத்தில் முழுக்க இலவசம்; அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல.

காகிதங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் நான் பட்ட பாடும் சிறிதல்ல. அம்மா வீட்டுக் கைப்பக்குவம் அப்படியே வரும் என்று நம்பியிருந்தேன். 2022 நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு நிறைய விற்றது; அந்தக் குளிர்ந்த, காய்ந்த காற்றில் மிட்டாய் மொறுமொறுவென்று நின்றது. 2023 ஜூன் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று நேராக எங்கள் மேல் வீசும் மாதம் அது. பொள்ளாச்சிக்குப் போன மிட்டாய் நான்கே நாளில் பிசுபிசுத்து உறையோடு ஒட்டித் திரும்பி வந்தது. வெல்லத்தில் இயல்பாகவே இருக்கும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. பழுப்பும் ஈரமும் மிகுந்த வெல்லத்தில் இது இன்னும் மோசம். சர்க்கரைப் பாகில் ஒடியும் பதம் 146 முதல் 154 டிகிரி செல்சியஸ்; வெல்லப்பாகை அவ்வளவு தூரம் ஏற்றினால் கருகிக் கசந்துவிடும் என்பதால் வெப்பமானியை மட்டும் நம்ப முடியாது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டாமல் ஒடிய வேண்டும். மழை மாதங்களில் அந்தப் பதத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் இறக்கினாலும் போச்சு. ஆற வைத்த தட்டை மின்விசிறிக்கு அடியில் மணிக்கணக்கில் விடாமல், கை பொறுக்கும் சூடு வந்தவுடன் வெட்டி, உடனே உறையிட்டு ஒட்டிவிட வேண்டும். உள்ளே உலோகப் பூச்சுள்ள உறை சற்று விலை கூடுதல். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் அதையே பயன்படுத்துகிறேன். அந்த நான்கு மாதமும் வெளியூர்ச் சரக்கின் அளவைக் குறைத்து, கடையில் சுடச்சுட விற்பதைக் கூட்டிக்கொள்கிறேன்.

வெல்லம் வாங்கும்போது மஞ்சளாகப் பளபளப்பதைத் தேடாதீர்கள். ஹைட்ரோஸ் என்று ஆலைக்காரர்கள் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போட்டு வெளுத்த வெல்லம் அது. உடுமலைப் பக்கம் ஆலைக்கே போய், கொதிக்கும் கொப்பரையைப் பார்த்து, கருத்த வெல்லமாகக் கேட்டு வாங்குகிறேன். மிட்டாயின் நிறம் மங்கலாக இருக்கிறதே என்று முதலில் முணுமுணுத்தவர்கள் ருசி கண்டபின் அதையே கேட்கிறார்கள். நிலக்கடலையில் சுருங்கியதும் கறுத்ததும் பூஞ்சை படிந்ததும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வறுத்தால் போகாத நச்சு அது. பால்கோவாவின் கணக்கு வேறு: பசும்பால் 5 லிட்டர் காய்ச்சினால் கோவா ஏறத்தாழ ஒரு கிலோதான் கிடைக்கும். லிட்டர் 50 ரூபாய்க்குப் பால் வாங்கினால் பாலுக்கே 250 ரூபாய் ஆகிறது. சர்க்கரை, எரிவாயு, இரண்டு மணி நேரக் கிண்டல் எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கைப் போடாமல் பக்கத்துக் கடை விலைக்கு விற்றால், விற்க விற்க நஷ்டம்தான். தேங்காய் பர்பிக்கு ரோஜா நிறம் கேட்பார்கள். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றையும் இனிப்பில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது. சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும் பெயரில்லாத ரோஜாப் பொடியைத் தொடவே தொடாதீர்கள். ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் இருப்பது தெரியவந்துதான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. நான் பீட்ரூட் சாறு சேர்க்கிறேன். நிறம் வெளிறித்தான் இருக்கும், குழந்தைக்குக் கொடுக்க மனம் கூசாது.

2023 தொடக்கத்தில் கேரளத்தில் உணவு நஞ்சாகி உயிரிழப்புகள் நேர்ந்தபின், உணவைக் கையாளும் எல்லாருக்கும் மருத்துவச் சான்றான ஹெல்த் கார்டு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் கடையில் வேலை செய்யும் இரு பெண்களுக்கும் எனக்கும் பரிசோதனையும் டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டு வாங்கி வைத்தேன். அதே ஆண்டு ஒருநாள் உணவுப் பாதுகாப்புத் துறையினர் பால்கோவாவை மாதிரி எடுக்க வந்தார்கள். கை நடுங்கியது. பதற வேண்டியதில்லை என்பதை இப்போது அறிவேன். மாதிரியை நம் கண் முன்னே நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும், மாதிரிக்கு விலை தர வேண்டும், அறிவிப்புப் படிவத்தின் நகலை நமக்குத் தர வேண்டும். ஆய்வகத்தின் உணவுப் பகுப்பாய்வாளர் தரும் அறிக்கைக்குச் சட்டம் தரும் காலம் 14 நாள். முடிவு பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அன்றைய பால் எந்தச் சங்கத்தில் வாங்கியது, எத்தனை மணிக்குக் காய்ச்சியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததை அலுவலர் வாங்கிப் படித்துப் பார்த்தார். அந்த நோட்டை இன்றும் எழுதி வருகிறேன். எங்கள் மாதிரி தேறியது.

இப்போது சொந்தக்காரர்களும் அறிந்தவர்களும் கேட்பது, கடையை எந்தப் பக்கம் போடுவது என்பதுதான். உங்கள் சரக்கில் பெரும்பகுதி பொள்ளாச்சி, உடுமலை, கோயம்புத்தூர்க் கடைகளுக்குப் போவதானால், அடுப்பை அந்தப் பக்கமே மூட்டுங்கள், ஜி.எஸ்.டி. கட்டாயத்திலிருந்து தொடக்க ஆண்டுகளில் தப்பலாம், பருவமழையும் அங்கே சற்று மட்டு. சித்தூர், பாலக்காடு, கல்பாத்தித் தேர், நெம்மாறை வேலா, ஓணம் என்று இந்தப் பக்கத்துத் திருவிழாக்களையும், கடைக்கு வந்து சுடச்சுட வாங்குகிறவர்களையும் நம்பியிருப்பவரானால் இங்கேயே போடுங்கள். கே-ஸ்விஃப்ட் ஒப்புகை தரும் மூன்று ஆண்டு அவகாசம் பெரிய உதவி. இரண்டு பக்கமும் வேண்டும் என்பவர்கள், என்னைப் போல, முதல் நாளிலிருந்தே ஜி.எஸ்.டி. பதிவையும் கணக்கர் செலவையும் மிட்டாயின் விலையில் ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள். எப்படியானாலும் கட்டடச் சான்று, தண்ணீர் அறிக்கை, உணவுப் பதிவு ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகே வாடகை ஓடத் தொடங்கும்படி உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். முன்பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு எருத்தேம்பதியில் எள்ளுருண்டைக் கடை தொடங்கிய ஒரு தங்கைக்கு இரண்டு மாத வாடகை இப்படித்தான் மிஞ்சியது.